நஞ்சறுப்பான் இலையும் ஆறு நாள் கணக்கும்: ஒவ்வாமைச் சிகிச்சை வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

திருவண்ணாமலை வட்டாரத்தின் வறண்ட வேலிகளுக்கு உரிய கொடிகளில் ஒன்று நஞ்சறுப்பான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் மூலிகைப் பொடியும் சூப்பும் விற்போரை இன்றும் பார்க்கலாம். இரைப்பு, தும்மல், மூக்கொழுகல் எல்லாவற்றுக்கும் ‘பக்கவிளைவு இல்லாத பச்சிலை’ என்று அங்கே பேசப்படும் பேச்சுக்குப் பின்னால், பெயர் தெரியாமலேயே, ஓர் ஆய்வுக் கட்டுரை நிற்கிறது. டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. என். சிவபுரியும் அவருடைய குழுவினரும் 1969இல் வெளியிட்டது அது. நாளுக்கு ஓர் இலை வீதம் ஆறு நாள் மென்று தின்றால் ஆஸ்துமாவும் ஒவ்வாமை மூக்கழற்சியும் தணிகின்றன, அந்தத் தணிவு மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கிறது என்பது அதன் முடிவு.

இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. இலைக்குச் செயல் இல்லை என்பது என் வாதமன்று. சிவபுரி கண்டது ஒவ்வாமையைத் தணிக்கும் ஒரு புதுப் பண்பு அல்ல, 18, 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்த வாந்தி–கோழையகற்றிச் செயலின் தொடர்ச்சியே என்பதுதான் என் வாதம்.

முதலில் பழைய சான்றுகள். தாவரவியலாளர் ராக்ஸ்பர்கின் ‘ஃப்ளோரா இண்டிகா’ சோழமண்டலக் கரையில் இதன் வேர் வாந்தி மருந்தான இபெகாகுவானாவுக்கு மாற்றாக வழங்கியதைக் குறிக்கிறது. சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், படைமுகாமில் பரவிய சீதபேதிக்கு இது பயன்பட்டதைச் சொல்லியிருக்கிறார். 1826இல் வெளிவந்த ‘மெட்டீரியா இண்டிகா’வில் ஒயிட்லா ஐன்ஸ்லி, தமிழ் வைத்தியர்கள் இதைக் கோழை அகற்றவும் வியர்வை வரவழைக்கவும் மதித்தனர் என்றும், சளி கட்டிய குழந்தைகளுக்கு வாந்தி வரவழைக்கக் கஷாயமாகக் கொடுத்தனர் என்றும் எழுதுகிறார். 1868ஆம் ஆண்டு இந்திய மருந்துநூலில் இலைக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. அங்கும் அது வாந்தி மருந்தாகவும், குறைந்த அளவில் கோழையகற்றியாகவுமே வருகிறது. வேர் போய் இலை வந்தது, பேதி போய்ச் சளி முன்னே வந்தது. வேறு பெரிய மாற்றம் இல்லை.

இந்த வரிசையில் பொருந்தாத சான்று ஒன்று உண்டு. இளைய லின்னேயஸ் 1782இல் இச்செடிக்கு ‘அஸ்தமாட்டிகா’ என்று அடைமொழி இட்டார். அப்படியானால் ஆஸ்துமாவுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். எவ்வளவு முன்பு, எந்த ஊரில், எந்த வைத்தியரிடம் என்பதை அடைமொழி சொல்லாது. அந்தத் தேதியை நான் திறந்தே விடுகிறேன். ஆனால் அக்கால ‘ஆஸ்துமா’வை இன்றைய ஒவ்வாமை நோயாக எடுத்துக்கொள்வது பிழை. மூச்சு வாங்கும் எந்த நிலையும் அந்தப் பெயருக்குள் அடங்கியது. ஒவ்வாமை என்ற கருத்தை வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே முன்வைத்ததே 1906இல்தான்.

இனி சிவபுரியின் சோதனைகள். 1969 ஆய்வில் 110 நோயாளிகள். நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது போலி என்று தெரியாத இருபுற மறைப்பு முறை. முதல் வார முடிவில் இலை தின்றவர்களில் 62 சதவீதத்தினர் மிதமானது முதல் முழுமையானது வரை தணிவு கண்டனர். போலி மருந்துக் குழுவில் 28 சதவீதம். வேறுபாடு 34 புள்ளிகள். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் நிற்க விரும்புவது பக்கவிளைவுப் பட்டியலில். இலை தின்றவர்களில் பாதிப்பேர் அளவுக்கு வாய்ப்புண், உப்புச் சுவை தெரியாமை, குமட்டல், வாந்தி ஆகியவற்றில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. இந்தப் பட்டியலைத் தொல்லைகளின் கணக்காக மட்டும் வாசிப்பது வழக்கம். எனக்கு இது மறைப்பு முறை உடைந்ததற்கான சாட்சி. காலைச் சாப்பாட்டில் உப்பு உறைக்காத நோயாளிக்குத் தான் தின்றது மருந்தா போலியா என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ‘எவ்வளவு தணிந்தது’ என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலில் அந்த அறிவும் கலந்துவிடும். அதோடு, வாந்தியும் குமட்டலும் இங்கே தற்செயல் தொல்லைகள் அல்ல. 1868 மருந்துநூல் இலையிடம் எதிர்பார்த்த வேலையே அதுதான். குமட்டலைத் தூண்டும் அளவுக்குச் சற்றுக் கீழே கொடுத்தால் மூச்சுக்குழலில் சுரப்பு இளகிக் கோழை வெளியேறும் என்பது அக்கால மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. இரைப்பு நோயாளிக்கு அது உண்மையான ஆறுதலாகவே இருந்திருக்கலாம். அதற்கு ஒவ்வாமையை இழுக்கத் தேவையில்லை.

1972இல் அதே குழு 195 பேரிடம் இலைக்குப் பதிலாக ஆல்கஹால் சாற்றைச் சோதித்தது. நாளுக்கு 40 மில்லிகிராம், ஆறு நாள். பக்கவிளைவு கண்டவர்கள் 16.3 சதவீதமாகக் குறைந்தனர். முதல் வாரத் தணிவு 56 சதவீதம், போலியில் 31.6. அதாவது 34 ஆக இருந்த வேறுபாடு 24.4 ஆகச் சுருங்கிவிட்டது. பக்கவிளைவு குறையக் குறைய வேறுபாடும் குறைகிறது. இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போடுவது ஆபத்து என்பது தெரியும். மருந்தின் அளவும் வடிவமும் இரு ஆய்விலும் ஒன்றல்ல. இருந்தும் இந்தத் திசை என் வாசிப்புக்கே இடம் கொடுக்கிறது. பன்னிரண்டாம் வாரக் கணக்கு இன்னும் தெளிவு: 14.8 சதவீதத்துக்கு எதிராக 7.2. ‘வாரக்கணக்கில் நீடிக்கும் தணிவு’ என்று சொல்லப்படுவதன் எஞ்சிய அளவு ஏறக்குறைய ஏழரைப் புள்ளிகள்.

பிற்கால ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. சென்னையில் கே. வி. திருவேங்கடம் குழுவினர் 1978இல் 30 நோயாளிகளிடம் வழக்கமான ஆஸ்துமா மருந்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இலைக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. மறு ஆண்டு எஸ். குப்தாவும் உடனாய்வாளர்களும் 135 பேரிடம் செய்த இருபுற மறைப்பு ஆய்வில் போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை தென்படவில்லை. ஆஸ்துமாவுக்கான மூலிகைகள் பற்றிய 17 சோதனைகளைத் தொகுத்த ஹன்ட்லியும் எர்ன்ஸ்டும் 2000இல் உறுதியான முடிவு எதற்கும் வரவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்தே வருகிறது. 1935இல் ரத்தினகிரீஸ்வரனும் வெங்கடாசலமும் இச்செடியிலிருந்து டைலோஃபோரின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தார்கள். அதன் வேதிக் கட்டமைப்பில் சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழு உழைத்தது. 1980இல் கோபாலகிருஷ்ணன், காமேஸ்வரன் முதலானோர் இந்த ஆல்கலாய்டு விலங்குகளில் ஒவ்வாமை எதிர்வினைகளையும் அழற்சியையும் அடக்குவதைக் காட்டினர். இதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் விலங்குக்குச் செலுத்திய தூய ஆல்கலாய்டின் அளவும், மனிதர் மென்ற ஓர் இலைக்குள் இருக்கும் அளவும் ஒன்று என்று யாரும் நிறுவவில்லை. மேலும் இதே குடும்பத்து ஆல்கலாய்டான டைலோகிரிப்ரின், 1960களில் புற்றுநோய்க்காக மனிதரிடம் சோதிக்கப்பட்டு, நரம்பு மண்டல நச்சுத்தன்மையால் கைவிடப்பட்டது. ‘பச்சிலை, தீங்கில்லை’ என்ற பேச்சுக்கு இது போதுமான எச்சரிக்கை.

இன்றைய ஒவ்வாமைச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் ஆறு நாள் கணக்கு எங்கே தடுக்கிறது என்பது விளங்கும். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை, ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான், இன்ஹேலர் ஆகியவை போடும்வரை காக்கும். நிறுத்தினால் நோய் திரும்பும். உடலின் எதிர்வினையையே மாற்றும் வழி லண்டனில் லெனர்டு நூன் 1911இல் தொடங்கியது: ஒவ்வாத மகரந்தத்தையே மிகச் சிறு அளவில் ஊசியாகச் செலுத்தி, படிப்படியாகக் கூட்டுவது. புல் மகரந்த ஒவ்வாமைக்கு இந்த ஊசியை மூன்று நான்கு ஆண்டுகள் போட்டவர்களுக்கு, நிறுத்திய பின் குறைந்தது மூன்று ஆண்டு பலன் நின்றதை டர்ஹாம் குழு 1999இல் காட்டியது. ஐஜிஇ எதிர்ப்புப் புரதத்தைக் கட்டிப்போடும் ஒமாலிசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2003இல். அதைக்கூட சில வாரங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து போட வேண்டும். நீடித்த பலனுக்கு ஆண்டுகள் தேவைப்படும் துறையில், ஆறு இலைகள் பன்னிரண்டு வாரம் காக்கும் என்றால் சான்றும் அதற்கேற்ற பாரம் தாங்க வேண்டும். தாங்கவில்லை.

இருப்பினும் சிவபுரியின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நாட்டு மூலிகை ஒன்றைப் போலி மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்திய துணிவு அக்காலத்தில் அரிது. அவர் கேட்ட கேள்வியை முடித்துவைக்க இன்னொரு சோதனை போதும்: நஞ்சறுப்பானைப் போலவே வாயைப் புண்ணாக்கி, குமட்டல் தரும் போலி மருந்து ஒன்றை எதிரே வைத்து, தணிவை நோயாளியின் சொல்லால் அன்றி மூச்சோட்டக் கருவியால் அளக்கும் சோதனை. அப்போதும் வேறுபாடு நின்றால் என் வாசிப்பு விழும். அது நடக்கும்வரை அடி அண்ணாமலையிலோ வேறெங்கோ மூச்சு வாங்கும் ஒருவர் இலையை நம்பி இன்ஹேலரை விட்டுவிட இந்தச் சான்றுகளில் எதுவும் இடம் தரவில்லை.