தவணை கடந்த பாராளுமன்றம்

கண்டி மாநகரில் தலதா மாளிகையை அடுத்து மகுல் மடுவ என்னும் அரச மண்டபம் நிற்கின்றது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் அம்மண்டபத்திலேதான் கண்டி இராச்சியத்தின் ஆட்சியுரிமை பிரித்தானிய முடியின் கைக்கு மாறிற்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரியணை இழந்தான். அவன்மீது வெறுப்புற்றிருந்த பிரதானிகளுக்கு அவனை அகற்ற அந்நியரின் துணையை நாடுவதன்றி வேறு வழி தோன்றவில்லை. முடியாட்சியில் அரசனுக்குத் தவணை கிடையாது. அவனை நீக்குவது மரணம், அல்லது படை.

குடியாட்சியின் தனிச்சிறப்பு யாது? ஆள்பவருக்கு ஒரு தவணை குறித்து, அது முடிந்ததும் கணக்குக் கேட்கும் உரிமையைக் குடிமக்களிடம் விட்டுவைப்பதே அது. அந்தத் தவணை பிறழ்ந்தபோது இலங்கையில் நிகழ்ந்ததை, கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் முன்வைத்து நோக்குவோம்.

1977 ஜூலை 21ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. பதிவான வாக்குகளிலோ அது பெற்றது நூற்றுக்கு 51க்குச் சற்றுக் குறைவே. ஏறத்தாழ அரைப் பங்கு வாக்கு, ஆறில் ஐந்து பங்கு ஆசனமாக விளைந்தது. நூற்றுக்கு 30 வீதம் அளவில் வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிட்டின. இடதுசாரிக் கட்சிகளுக்கு ஒன்றுமே இல்லை. 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இவ்விந்தைக்குக் காரணம் தொகுதிவாரித் தேர்தல் முறை. தொகுதியில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவரே வென்றவர். ஏனையோர்க்கு விழுந்த வாக்குகள் பலனற்றுப் போகும். இம்முறை எப்பக்கமும் வெட்டும் வாள். 1970இல் நாடெங்கும் மொத்த வாக்கில் சுதந்திரக் கட்சியைவிடச் சிறிது கூடுதலாகப் பெற்றும் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி தலைமைதாங்கிய ஐக்கிய முன்னணிக்கோ 151இல் 116 வாய்த்தன.

அந்த முன்னணியும் தன் பெரும்பான்மையைக் கொண்டு தன் ஆயுளை நீட்டிக்கொண்டது. 1975இல் முடிய வேண்டிய அதன் பதவிக்காலம், 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பினால் 1977 வரை நீண்டது. இதனைக் கண்டித்து 1975இல் கொழும்பு தெற்குத் தொகுதியின் உறுப்பினர் ஒருவர் தம் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலில் நின்று மீண்டும் வென்றார். மக்கள் தந்த தவணைக்கு மேல் ஒரு நாளும் அமரலாகாது என்பதை நாடறியச் செய்த அப்பெரியார் ஜே. ஆர். ஜயவர்த்தன. இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்துவார்களாக.

1977இல் கண்டிப் பகுதியிலிருந்து சபைக்குச் சென்றோர் சிறியவரல்லர். மகாநுவர தொகுதியின் ஈ. எல். சேனநாயக்க பிற்காலத்தில் சபாநாயகரானார். ஹாரிஸ்பத்துவ தொகுதியின் ஏ. சி. எஸ். ஹமீத் வெளிநாட்டமைச்சரானார். அண்டையிலுள்ள நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதிக்கு மூன்று உறுப்பினர். காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சௌ. தொண்டமானும் தெரிவானார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. அதனால் 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1947இல் வென்ற தொண்டமான் மக்கள் வாக்கினால் மீண்டும் சபையேற 30 ஆண்டுகள் சென்றன. 1978இல் அவர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

பெரும்பான்மை தன்னளவில் தீதன்று. துணிந்த அரசாங்கம் அதனைக் கொண்டு பெருங்காரியங்களை விரைந்து முடிக்கலாம். மகாவலித் திட்டமே இதற்குச் சான்று. 30 ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட திட்டத்தை ஆறே ஆண்டுகளுக்குள் சுருக்க அரசாங்கம் முனைந்தது. கண்டிக்குக் கிழக்கே பிரித்தானிய உதவியுடன் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை எழுந்தது. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தச்சரின் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்டது. நாட்டுக்கு மின்னொளி பிறந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் அமிழ்ந்தது. வறட்சி கடுமையானால் அதன் சிதைந்த கட்டடங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு.

ஆயின் அதே பெரும்பான்மை வேறு காரியங்களையும் செய்தது. 1978இல் புதிய யாப்பு வந்தது. ஜயவர்த்தன நிறைவேற்று அதிகாரம் படைத்த சனாதிபதியானார். 1980 அக்டோபரில் முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 7 ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. ஆகவே 1982 அக்டோபர் 20இல் நடந்த சனாதிபதித் தேர்தலில், 1970 முதல் 1977 வரை யட்டிநுவர தொகுதியின் உறுப்பினராயிருந்த ஹெக்டர் கொப்பேகடுவ சுதந்திரக் கட்சியின் அபேட்சகரானார். ஜயவர்த்தன நூற்றுக்கு ஏறக்குறைய 53 வீத வாக்குகளுடன் வென்றார்.

அந்த 53 வீதத்திலேயே ஆளுங்கட்சியின் சங்கடம் அடங்கியிருந்தது. புதிய யாப்பு விகிதாசாரத் தேர்தலை விதித்திருந்தது. வாக்குக்கேற்ற ஆசனம் என்றால் ஆறில் ஐந்து பங்கு இனிக் கிட்டாது. மூன்றில் இரண்டு பங்கும் ஐயமே. 1983 ஆகஸ்டில் பாராளுமன்றத்தின் தவணை முடிய இருந்தது. சுதந்திரக் கட்சியினுள் ஒரு சாரார் வன்முறைச் சதியில் இறங்கினர் என அரசாங்கம் கூறியது. பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பை நாடியது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடாத இராஜிநாமாக் கடிதங்களைச் சனாதிபதி முன்கூட்டியே பெற்றுக்கொண்டார். 1975இல் தவணை நீட்டிப்பை எதிர்த்துத் தம் ஆசனத்தைத் துறந்தவரே, 1982இல் தவணையை நீட்டுவதற்காகப் பிறர் ஆசனங்களைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

1982 டிசம்பர் 22ஆம் நாள், அவசரகால விதிகள் நடைமுறையிலிருக்க, வாக்கெடுப்பு நடந்தது. நீட்டிப்புக்கு உடன்படுவோர்க்கு விளக்குச் சின்னம். மறுப்போர்க்குப் பானைச் சின்னம். விளக்குக்கு நூற்றுக்கு 54.66 வீதமும் பானைக்கு 45.34 வீதமும் விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகப் பானைக்கே வாக்களித்தது. 1977இல் தெரிவான சபை 1989 ஆகஸ்ட் வரை அமர வழி பிறந்தது. மறுப்பு வாக்கு மேலோங்கிய தொகுதிகளில் 18க்கு 1983 மே மாதத்தில் இடைத்தேர்தல் நடத்தி, அவற்றுள் 14ஐ ஆளுங்கட்சி வென்றது. எனினும் நாடு முழுவதற்கும் உரிய கணக்குநாள் தள்ளிப்போயிற்று.

தள்ளிப்போன அக்கணக்கின் வட்டி யார் தலையில் விழுந்தது? 1983 ஜூலையில் தமிழருக்கெதிரான வன்செயல் கொழும்பில் மூண்டு கண்டி நகருக்கும் பரவியது. கடைகளும் இல்லங்களும் எரிந்தன. அடுத்த மாதமே ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டுக் கொள்கையை மறுத்து உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டுமென்றது அது. மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தனர். வட மாகாணத் தொகுதிகள் யாவும் அவர்களுடையவை. ஒரு மாகாணத்தின் குரலே சபையில் இல்லாது ஒழிந்தது. 1987 நவம்பரில் மாகாண சபைகளை அமைக்கும் பதின்மூன்றாவது திருத்தம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் நிறைவேறியபோதும், யாருடைய குறை தீர்க்க அது முதன்மையாக வகுக்கப்பட்டதோ, அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினருள் பெரும்பாலோர் அங்கு இல்லை.

தெற்கிலும் நிலைமை வேறன்று. 1983இல் தடைசெய்யப்பட்ட மக்கள் விடுதலை முன்னணி தலைமறைவாகி ஆயுதம் ஏந்தியது. 1987 ஏப்ரலில் கண்டிக்கு அணித்தாயுள்ள பல்லேகலை இராணுவ முகாம் தாக்கப்பட்டு ஆயுதங்கள் கவரப்பட்டன. தொடர்ந்த இருண்ட காலத்தில் மலைநாட்டுக் கிராமங்கள் தம் இளைஞர் பலரை இழந்தன. இக்கேடுகள் அனைத்திற்கும் தவணை நீட்டிப்பே மூலகாரணம் என்றல் மிகையாகும். ஆனால் 1977இல் 17 வயதினனாய் வாக்களிக்க இயலாதிருந்த ஓர் இளைஞன், பாராளுமன்றத் தேர்தலொன்றில் முதன்முதல் வாக்களித்தபோது முப்பதை நெருங்கியிருந்தான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் உள்ளத்துக் கொதிப்புக்கு வாக்குப் பெட்டி என்ற வடிகால் அடைபட்டே கிடந்தது.

இக்காலத்தில் மலையகத் தமிழர் பெற்ற ஒரு நன்மையும் சிந்தனைக்குரியது. 1986 ஜனவரியில் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. கொழுந்து பறிக்க வேண்டிய வேளையில் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்தனர். அவ்வாண்டிலேயே நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1988இல் மற்றொரு சட்டம் எஞ்சியோர்க்கும் வழிவகுத்தது. அமைச்சரவையில் ஓர் ஆசனம் இருந்தமை உதவியது உண்மையே. ஆயினும் 140 பேர் கொண்ட கட்சியை அசைத்தது அந்த ஓர் ஆசனம் மட்டுமன்று. பணியை நிறுத்திக் கைகூப்பிய ஆயிரக்கணக்கான கைகளும் ஆகும். சபையில் எதிரொலி குன்றும் காலத்தில் சபைக்கு வெளியே அறவழியில் திரளும் மக்களே எதிர்க்கட்சியாகின்றனர்.

1988 டிசம்பர் 20ஆம் நாள் அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதன் ஆயுள் 11 ஆண்டுகளும் 4 மாதங்களும். 1716இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மூன்றாண்டாயிருந்த தன் தவணையை ஏழாண்டாக்கிக்கொண்டது. 1976இல் இந்தியாவின் மக்களவை அவசரகாலத்தைக் காட்டித் தன் ஆயுளை நீட்டியது. மறு ஆண்டுத் தேர்தலில் மக்கள் ஆளுங்கட்சியை வீழ்த்தினர். பேராசை எந்நாட்டுக்கும் பொது.

2024 நவம்பர் 14இல் நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. விகிதாசார முறையில் ஓர் அணி தேர்தலிலேயே மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தது இதுவே முதற்றடவை. பாராளுமன்றத்தின் பதவிக்காலமோ 2015ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் 5 ஆண்டுகள். பெரும்பான்மையின் அளவு எதுவாயினும், அது மக்கள் தவணை குறித்துத் தந்த கடன். அணைகள் பல கட்டியும் சட்டங்கள் பல இயற்றியும், குறித்த நாளில் கணக்கொப்புவிக்க மறுக்கும் அரசாங்கம் கடன்பட்டதாகவே வரலாற்றில் நிற்கும். தவணை வந்ததும் தலைவணங்கி வாக்காளர் முன் நிற்பதே ஆள்வோரின் கடமை. அந்நாளை எவரும் தள்ளிப்போட விடாது காப்பது குடிமக்களின் கடமை.