சார்ல்ஸ்டன்

சார்ல்ஸ்டன், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஆஷ்லி, கூப்பர் ஆறுகள் கடலோடு கலக்குமிடத்தில் உள்ள துறைமுக நகரம். ஆங்கிலேயர் 1670-இல் ஆஷ்லியின் மேற்குக் கரையில் குடியேறி, ஊருக்கு மன்னர் இரண்டாம் சார்லசின் பெயரை வைத்தனர். பத்தாண்டுகளில் ஊர் இரு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள நிலமுனைக்கு மாறியது. இன்றைய பெயர் வடிவம் 1783-இல் வந்தது.

இந்நகரைச் செல்வத்தில் மிதக்கவிட்டது நெல். ஓதம் ஏறும்போது எதிர்த்துத் தள்ளப்படும் ஆற்று நன்னீரை மதகு வழியே வயலில் பாய்ச்சி, ஓதம் இறங்கும்போது வடித்தார்கள். சதுப்பைத் திருத்தி வரப்பெடுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து வந்த பலருக்கு அது தெரிந்த தொழில்தான். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் வழியே வந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலர் இறக்கப்பட்ட காட்ஸ்டன் துறையில் 2023-இல் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தெருவில் ஆள் விற்பதை நகராட்சி 1856-இல் தடுத்தது. விற்பனை நிற்கவில்லை, கூரைக்குக் கீழே போனது. அப்படி விற்பனை நடந்த சால்மர்ஸ் தெரு ஏலக் கூடம் ஒன்றும் இன்று அருங்காட்சியகம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் 1861 ஏப்ரல் 12 அன்று துறைமுக வாயிலிலுள்ள சம்டர் கோட்டைமீது விழுந்தன. 34 மணி நேரத்தில் கோட்டை பணிந்தது. படகேறித்தான் அங்கே போகமுடியும். போருக்குப் பின் நெல்லும் நொடித்தது, நகரும் நொடித்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் பலவும் தப்பின என்றே சொல்லலாம். 1886 நிலநடுக்கத்துக்குப் பின் சுவர்களை இழுத்துப் பிடிக்கச் செருகிய இரும்புக் கம்பிகளின் வட்டத் தலைகள் பல வீடுகளில் இன்னும் தெரிகின்றன. 1931-இல் நகராட்சியே பழைய பகுதியைச் சட்டத்தால் காத்தது. அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இவ்வூர் வீட்டுக்கென்று ஒரு பாங்கு உண்டு. அகலம் ஓர் அறைதான். குறுகிய பக்கம் தெருவைப் பார்க்கும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அல்ல, பக்கவாட்டு நீள் தாழ்வாரத்தில் கால்வைப்போம். கூட்டம் மொய்ப்பதென்னவோ ஈஸ்ட் பே தெருவின் ‘வானவில் வரிசை’யில்: வெளிர்வண்ணம் பூசிய 13 வீடுகள். வண்ணங்கள் 1930-களில் தொடங்கியவை.

அதைவிட நின்று பார்க்கவேண்டியது நகரச் சந்தை. அங்கே அந்த ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கல்லா இனப் பெண்கள் புல்லைச் சுருள்சுருளாகச் சுற்றிக் கூடை முடைகிறார்கள். வயற்காலத்தில் நெல் புடைக்க உதவிய முறமே அதன் மூதாதை. சந்தை நிற்கும் இடம் தூர்த்த ஓடை. ஓதம் மிகும் நாளில் மழையில்லாமலே அத்தெருவில் தண்ணீர் ஏறும். போகுமுன் ஓத நேரம் பார்த்துக்கொள்வது நல்லது.