குடல்வால் அழற்சி: அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பரிசோதனை

பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் குடல்வால் வீங்கிச் சீழ்பிடிக்கும் நோய், பேச்சுவழக்கில் ‘அப்பெண்டிசைட்டிஸ்’. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குவது இதன் வழக்கம். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. அதனால்தான் ஸ்கான் தேவைப்படுகிறது.

கொழும்பில் இந்த ஸ்கானுக்கு வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில் உள்ளன. பிள்ளைகளைப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

ஸ்கான் செய்யும் இன்றைய முறையை 1986இல் விவரித்தவர் நெதர்லாந்துக் கதிரியக்க மருத்துவர் பைலார்ட். குடலிலுள்ள வாயு ஒலியலையை மறிக்கும். ஆகவே வயிற்றில் ஜெல் பூசி, கருவியை மெல்ல மெல்ல அழுத்தி, வாயு நிறைந்த குடலை ஒதுக்குகிறார்கள். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டும்படி நோயாளியிடம் கேட்பதும் உண்டு; பல வேளை அந்த விரலின் கீழேயே குடல்வால் அகப்படும். நலமான குடல்வால் அழுத்தினால் அமுங்கும். அழற்சியுற்றது அமுங்காது, விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டும், சுற்றியுள்ள கொழுப்பு வெண்மையாகத் தெரியும். உள்ளே அடைத்திருக்கும் மலக்கல், பின்னால் கரிய நிழல் விழுத்தும்.

கதிர்வீச்சு இல்லாததால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதுவே முதல் தெரிவு. பெண்களுக்குச் சூலகக் கட்டியா, கருப்பைக்கு வெளியே தங்கிய கருவா என்பதையும் அதே ஸ்கானில் பார்க்கலாம். கொழும்பில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: டெங்குவின் வயிற்றுவலி சில வேளை குடல்வால் வலியைப் போலவே இருக்கும். பித்தப்பைச் சுவர் தடித்து, வயிற்றில் நீர் கோத்திருந்தால் இரத்தப் பரிசோதனையோடு சேர்த்து டெங்குவை எண்ண வேண்டும். இரத்தத்தட்டுகள் குறைந்த நிலையில் தேவையற்ற சத்திரசிகிச்சை பெரும் ஆபத்து.

அறிக்கையில் ‘குடல்வால் தெரியவில்லை’ என்றிருந்தால் பலர் நோயில்லை என்று நிம்மதியடைகிறார்கள். அது தவறு. பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்த குடல்வாலும், பருத்த உடலில் ஆழத்தில் கிடப்பதும் தப்பிவிடும். வெடித்தபின் வீக்கம் வடிந்த குடல்வாலும் அப்படியே. வலி நீடித்தால் வைத்தியர்கள் வயிற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார்கள், வெள்ளணு எண்ணிக்கையைக் கவனிப்பார்கள், மறுபடி ஸ்கான் எடுப்பார்கள், வேண்டுமானால் சி.டி.க்கு அனுப்புவார்கள். கர்ப்பிணிக்கு எம்.ஆர்.ஐ. ஏற்றது.