இனிப்பை மறக்கடிக்கும் இலை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலை, தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். உச்சிக்குப் போனால் ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று தேயிலையும் பனியுமாக விரியும். சர்க்கரை நோய்க்கும் பச்சை உணவுக்கும் உள்ள பழைய உறவைத் தேடி வருகிறவர் அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. அடிவாரத்து முள்வேலியில் சுற்றிக் கிடக்கும் ஒரு கொடியருகே நின்றால் போதும்.

அதன் பெயர் சிறுகுறிஞ்சான். பெயரில் குறிஞ்சி இருந்தாலும் மலையில் பூக்கும் குறிஞ்சிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது எருக்கின் குடும்பம். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும் இலைகள், தொட்டால் மெத்தென்று இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி மென்றால் முதலில் கசப்பு. கொஞ்ச நேரம் மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் போட்டால் அது வெறும் மணல். எலுமிச்சை புளிக்கும், உப்பு கரிக்கும், பாகற்காய் கசக்கும். இனிப்பை மட்டும் காணோம். அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், நாக்கு இப்படியே இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று இதற்கு இன்னொரு பெயர் வந்தது இப்படித்தான்.

மேகமலை என்ற பெயருக்குள்ளேயே இந்தக் கதைக்கு ஒரு சிலேடை இருக்கிறது. மலைமேல் தவழ்வது மழைமேகம். சித்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து ‘உடம்பில் மேகம்’ என்றால் அது வேறு. சிறுநீரைப் பற்றி வரும் நோய்களுக்கு அது பொதுப்பெயர். இரண்டு சொல்லும், பொழிவதைக் குறிக்கும் ஒரே வடமொழி வேரில் பிறந்தவை என்பார்கள். இந்த மேகத்தைப் ‘பிரமேகம்’ என்ற பெயரில் ஆயுர்வேதம் 20 வகையாகப் பிரித்தது. அதில் நீர் தேனாக இனித்து இறங்கும் வகை மதுமேகம், தமிழில் நீரிழிவு. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்பதுதான் அன்றைய பரிசோதனை. அந்த இனிப்பு சர்க்கரையேதான் என்று லிவர்பூலில் மாத்யூ டாப்சன் சிறுநீரை வற்றக் காய்ச்சிக் காட்டியது 1776-இல்.

சிறுகுறிஞ்சானின் வித்தை ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் தமிழ்நாட்டு மலை ஒன்றிலிருந்துதான். ஊட்டியில் சென்னை அரசாங்கத்தின் சிங்கோனாத் தோட்டங்களுக்கு வேதியியலாளராக இருந்தவர் டேவிட் ஹூப்பர். கொய்னா எடுக்க மரப்பட்டையைச் சோதிப்பது அவர் வேலை. இலையை மென்று பார்த்து, அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, கொடியின் தாவரப் பெயரை ஒட்டியே அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டார். லண்டனின் ‘நேச்சர்’ இதழில் அவருடைய கட்டுரை 1887-இல் வெளிவந்தது.

அதே 1887-இல்தான் கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடிக்கு அப்பால், பெரியாற்றின் குறுக்கே ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அணை கட்டும் வேலை தொடங்கியது. ஒரு மலையில் இனிப்பைக் கொல்லும் அமிலத்துக்குப் பெயர் வைத்தார்கள். இன்னொரு மலையில், பின்னால் அந்த மருந்தைத் தேட வைக்கப்போகும் சோற்றுக்கு வழி வெட்டினார்கள்.

பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பு, மேகமலைக்கும் வருசநாட்டுக்கும் கீழே மானாவாரிக் காடுகளில் விளைந்தவை கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, தினை, குதிரைவாலி. ஓடைப் பாசனம் இருந்த இடத்தில் நெல்லும் உண்டு. ஆனால் சாமானியர் வீட்டில் நெல்லுச்சோறு என்றால் அன்றைக்குப் பண்டிகை அல்லது விருந்து. 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இறங்கியது. லோயர்கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலாகிவிட்டது. பஞ்சம் பார்த்த ஊருக்கு அது விடிவு. இன்றும் வீட்டுக்கு வீடு பென்னிகுயிக் படம் மாட்டி வைத்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் தட்டு மாறிப்போனது. முதலில் கைக்குத்தல் அரிசி, பிறகு மில் அரிசி. களியும் கூழும் ஏழ்மையின் அடையாளமாகி அடுப்படியை விட்டு வெளியேறின. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. இன்னொரு பக்கம், மூன்று மைல் நடந்து தோட்டத்துக்குப் போன கால்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள், 2011-இல் வெளியான முடிவின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.4 பேர். நாடு முழுவதையும் சேர்த்து 2023-இல் வெளியான அறிக்கையில் தமிழ்நாட்டின் எண் 14.4, இந்திய அளவில் 11.4. உத்தமபாளையம், கம்பம் பக்கம் பெரியவர்கள் கூடும் திண்ணைகளில் பயிர் விலைக்கு அடுத்த பேச்சு, யாருக்குச் சுகர் எவ்வளவு என்பதுதான்.

இந்த இடத்தில்தான் ‘பச்சையாகச் சாப்பிட்டால் சுகர் ஓடிவிடும்’ என்ற குரல் எழும். உடனே கை மலையைக் காட்டும்: “காட்டுல இருக்கவுகளுக்குச் சுகர் உண்டா? அவுக எல்லாத்தையும் பச்சையாத்தான திங்கிறாக?”

அப்படி இல்லை. இந்த மலைகளின் பழங்குடி மக்கள் பளியர். 1960-களில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பதிவு செய்தபடி, அவர்களுக்கு ஆதார உணவு காட்டு வள்ளிக்கிழங்கு. கூர்முனைக் குச்சியால் ஆழத் தோண்டி எடுக்கும் அந்தக் கிழங்கு வெந்துதான் வயிற்றுக்குள் போகும். காட்டு வள்ளிகளில் சிலவற்றைப் பச்சையாகக் கடித்தால் தொண்டை அரிக்கும். சிலவற்றில் விஷமே உண்டு. வேகவைப்பதும் நீரில் ஊறப்போடுவதும் உயிர் காக்கும் அறிவு. பச்சையாகத் தின்றவை நெல்லி, நாவல், அத்தி, தேன், கையில் அகப்பட்ட கீரை. ஒரு நாள் உணவுக்கு ஒரு மலை ஏறி இறங்கிய உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெருப்பே இல்லாமல் வாழ்ந்த பொற்காலம் ஒன்று மேகமலைக் காட்டில் இருந்ததில்லை.

சமைக்காத உணவைக் கொள்கையாக்கியது காடு அல்ல, அச்சகம். ஜெர்மனியில் லூயி கூனேயும் அடால்ஃப் ஜஸ்ட்டும் எழுதிய இயற்கை மருத்துவ நூல்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பரவின. ஜஸ்ட்டைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, 1929 மே மாதம் ஆந்திரப் பயணத்தில் இருந்தபோது ராஜமுந்திரியின் சுந்தரம் கோபாலராவ் சொல்லி, அடுப்பேற்றாத உணவைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ் என்று தம் பட்டியலை ‘யங் இந்தியா’வில் நிறுத்தளந்து எழுதினார். ஆசிரமத்தில் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஆகஸ்டில் காந்திக்கே சீதபேதி வந்து, சோதனை நின்றது. அதையும் அதே பத்திரிகையில் ஒளிக்காமல் எழுதினார். வேறு பிரசாரகர்கள் அரிதாகச் செய்யும் காரியம் அது.

தமிழ்நாட்டில் அந்தத் தீயை அணையாமல் காத்தவர் புதுக்கோட்டை கே. லட்சுமண சர்மா. ரமண மகரிஷியின் அடியவராக இருந்து அவர் நூலுக்கு உரை எழுதியவர். இயற்கை மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் எழுதினார். பிற்பாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு அடிவாரமான சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் நடத்திய இராமகிருஷ்ணன், தேங்காயும் பழமுமே மனிதனுக்கு உணவு என்று தமிழில் எளிமையாகச் சொல்லிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். தேனிப் பக்கத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போகக் காரணம் இருக்கிறது. தேங்காயும் வாழையும் கொல்லையிலேயே காய்க்கிற ஊர் இது.

பச்சை உணவுக்கு மாறியவர்கள் சிலருக்குச் சர்க்கரை இறங்கியது பொய்யில்லை. எதனால் இறங்கியது என்பதற்கு முன்னுதாரணம் பாரிஸில் இருக்கிறது. 1870-இல் பிரஷ்யப் படை அந்த நகரை முற்றுகையிட்டு ரொட்டிக்கே தட்டுப்பாடு வந்தபோது, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை அப்பொலினேர் புஷார்தா என்ற மருத்துவர் கவனித்தார். அவர்கள் பச்சையாக எதையும் தின்று குணமாகவில்லை; குறைவாகத் தின்றார்கள். பிரிட்டனில் 306 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வும் இதையே எண்ணிக்கையில் காட்டியது: மாதக்கணக்கில் நாளுக்குச் சுமார் 850 கலோரியில் இருந்து எடை குறைக்க முயன்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில், மாத்திரை இல்லாமலே, சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே நின்றது. பச்சைக் காய்கறியை வயிறு முட்டத் தின்றாலும் கலோரி குறைவுதான். எடை இறங்குகிறது, கூடவே சர்க்கரையும்.

இன்னொரு காரணம் மாவுச்சத்தின் குணத்தில் உண்டு. பச்சை மாவுச்சத்தின் துகள் இறுகிய முடிச்சு. குடலின் நொதிகள் அதை மெதுவாகத்தான் அவிழ்க்கும், பாதியை விட்டுவிடும். தண்ணீரில் வெந்ததும் முடிச்சு தளர்ந்து கூழாகிறது, சர்க்கரை விரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1981-இல் உணவுகளுக்குக் கிளைசீமிக் குறியீடு போட்ட பிறகு இந்த வேகத்துக்கும் எண் கிடைத்தது. வாழைக்காய் பழுக்கும்போதும் இதேதான் நடக்கிறது: மாவுச்சத்து தானே சர்க்கரையாகிவிடுகிறது. பழக்கூடையைச் ‘சமைக்காத உணவு’ என்று சர்க்கரை நோயாளியின் முன்னால் வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். அடுப்பு செய்யும் வேலையை வெயிலும் மரமும் முன்கூட்டியே செய்து முடித்திருக்கும்.

முழுக்கப் பச்சையாகவே வாழ்ந்தவர்களைப் பற்றியும் கணக்கு உண்டு. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட 513 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டது. எடை நன்றாக இறங்கியிருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாதவிலக்கு தடுமாறியோ நின்றோ போயிருந்தது. இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளிக்கோ எந்த இலையும் எந்தப் பழமும் மாற்றாகாது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும் வரை, அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளுவது மட்டுமே வைத்தியமாக இருந்தது.

சிறுகுறிஞ்சான் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? 1990-இல் சென்னை ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு அதன் இலைச்சாரத்தை நாளுக்கு 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதங்கள் வரை, வழக்கமான மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கி, பலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேர் மாத்திரையை விட்டுவிட்டுச் சாரத்திலேயே இருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மருத்துவர் கண்காணிப்பில், இரத்தம் சோதித்து, அளவு குறைத்து நடந்தது. மாத்திரையையும் இலையையும் தன் போக்கில் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை வேண்டியதற்கும் கீழே இறங்கி மயக்கத்தில் தள்ளவும் கூடும்.

பச்சைப் பழத்தை மட்டுமே நம்பி வாழும் ஓர் உயிர் மேகமலையில் உண்மையாகவே உண்டு. 1948-இல் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். சாதாரண வகை என்று நினைத்துப் பெட்டியில் வைத்திருந்த அதை, 1972-இல் தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டு சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். வௌவால் இத்தனை பழம் தின்றும் நீரிழிவில் விழாதது எப்படி? கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஜமைக்கா நாட்டுப் பழந்தின்னி வௌவாலைப் பூச்சிதின்னி வௌவாலோடு ஒப்பிட்டு 2024-இல் எழுதினார்கள். ஒரு நாளில் தன் எடையைப் போல் இரு மடங்குவரை பழம் தின்னும் அந்த வௌவாலின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பூச்சிதின்னிக்கு இருப்பதைவிட அதிகம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்கென்றே உடம்பு பரிணாமத்தில் மாறியிருந்தது. மனிதக் கணையம் அந்தப் பாதையில் வந்ததல்ல.

மலை இறங்கினால் பள்ளத்தாக்கின் கடைத்தெருக்களில் நாட்டு மருந்துக்கடைகள். நாவல்கொட்டைப் பொடி, ஆவாரம்பூ, வெந்தயம், இவற்றுக்கு நடுவே சிறுகுறிஞ்சான் பொடிப் பொட்டலம். வாங்கிப்போகிறவர் அதை வெந்நீரில் கலக்கி, கசப்பு தெரியாமல் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார். நாக்கில் நின்றால்தானே அது இனிப்பை மறைக்கும்? வெளியே தள்ளுவண்டியில் கம்பம் பன்னீர் திராட்சை குவிந்திருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். கறுத்து, மேலே சாம்பல் பூத்து இருக்கிறது. அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, அரைக் கிலோ நிறுக்கச் சொல்கிறார்.