மருத நிலத்து ஊடல் நூல்

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை நோக்கியபடி பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை இருக்கிறது. அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் என்று அவரை ஊர் அறியும். தஞ்சையில் பிறந்த ஒரு காவியத்துக்கு உயிர் கொடுத்தவரும் அவரே.

காவியம் 'ராதிகா சாந்த்வனமு', ராதையை ஆற்றுதல். தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவைக்களக் கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றியது, 584 செய்யுள்கள். ஆண்டாளின் திருப்பாவையையும் தெலுங்காக்கியவர் அவர். முன்னோரைச் சொல்லும் இடத்தில் பாட்டி தஞ்சைநாயகியைப் பெருமையோடு பாடுகிறார். 1887இல் வந்த அச்சுப் பதிப்பில் முகப்புச் செய்யுள்கள் விடுபட்டிருந்தன. சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார் நாகரத்தினம்மாள். ஒரு பெண் இப்படிச் சிருங்காரம் எழுதலாமா என்று தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கம் பந்துலு இந்நூலைப் பழித்திருந்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்பது நாகரத்தினம்மாளின் எதிர்க்கேள்வி. ஆபாசம் என்று அரசு தடை விதித்தது. சென்னை மாகாணத் தலைமையில் பிரகாசம் இருந்தபோதுதான் தடை நீங்கியது.

தடையின் கதையை நாம் பலமுறை சொல்லிவிட்டோம். கவிதையைப் படித்தவர்கள் குறைவு. எனக்கு அதுவே பெரிய ஆதங்கம்.

தஞ்சைக்குப் பெண்பாற் புலமை புதிதன்று. ரகுநாத நாயக்கரின் அவையில் ராமபத்ராம்பா வடமொழியில் போர்க்களம் பாடினார். விஜயராகவ நாயக்கர் காலத்து ரங்காஜம்மாவின் 'மன்னாருதாச விலாசமு', மன்னார்குடிப் பெருமாளின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கியது. ஆனால் இவை அரசர் புகழ் பாடியவை. முத்துப்பழனி பாடியது ஒருத்தியின் மனத்தை.

இளாதேவியைக் குழந்தையிலிருந்து வளர்த்தவள் ராதை. கண்ணனுக்கு அவளை மணமுடித்துத் தருபவளும் ராதையே. மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள். பெண்ணைப் பக்குவமாக வைத்துக்கொள் என்று கண்ணனிடமும் சொல்கிறாள். கொடுத்த பிறகுதான் கொடுத்தது உறைக்கிறது.

வயலும் வாய்க்காலுமான மருதத்துக்கு நம் இலக்கணம் வகுத்த உரிப்பொருள் ஊடல். சங்க மருதத்தில் ஊடுபவள் பெரும்பாலும் மனையிலிருக்கும் தலைவி. பரத்தை அதற்குக் காரணமாக வந்து போவாள். பரத்தை கூற்றாகவும் பாட்டுகள் உண்டு என்றாலும் அவை சிலவே. காவிரிக் கரையில் கணிகையர் குலத்து ஒருவர் எழுத்தாணி பிடித்தபோது அந்த ஏற்பாடே குலைகிறது. 'அவள் பறித்துக்கொண்டாள்' என்று ராதையால் சொல்ல முடியாது. வாரி முடித்து, பூ வைத்து, அனுப்பியது அவள் கைதான். வளர்த்த பாசமும் பொறாமையும் ஒரே நெஞ்சில் கிடந்து புழுங்குகின்றன. யாரைத் திட்டினாலும் அது தன் மேலேயே வந்து விழும். இப்படி ஓர் ஊடலை நம் மருதப் பாட்டுகளிலும் நான் கண்டதில்லை.

அவளை ஆற்ற வருபவன் கண்ணன். இறங்கி வர வேண்டியவன் அவன்தான்; அவன் செய்ய வேண்டிய அந்த வேலையைத்தான் முத்துப்பழனி நூலுக்குப் பெயராக வைத்தார்.