கணக்கு ஏணியின் முதல் படி



"என் பிள்ளைக்குக் கணக்கு வருமா, ஐயா?" என்று கேட்காத பெற்றோர் நம் தோட்டங்களில் இல்லை. "எந்த வயதில் எந்தக் கணக்கைக் கற்றுத் தருகிறார்கள்? அதை முடிவு செய்பவர் யார்?" என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அமெரிக்க நாட்டில் இந்த இரண்டாவது கேள்வி பெரியதொரு வழக்காகவே நடந்து வந்திருக்கிறது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

அங்கே பள்ளிப்படிப்பு பன்னிரண்டு வகுப்புகள். ஆறு முதல் எட்டு வரை பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி. ஒன்பதிலிருந்து உயர்நிலைப் பள்ளி. மேல்கணக்குக்கு வாசல் இயற்கணிதம். தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து அதைக் கண்டுபிடிப்பதே இயற்கணிதம். ஐந்து கிலோ அரிசியும் இரண்டு வெள்ளிக்கு உப்பும் வாங்கினோம். மொத்தம் பதினேழு வெள்ளி. அரிசி கிலோ என்ன விலை? இரண்டைக் கழித்து ஐந்தால் வகுத்தால் மூன்று வெள்ளி. நம் தாய்மார்கள் கடைவாசலில் மனத்தாலேயே போடும் கணக்குத்தான் இது.

இந்த ஏணிக்கு ஐந்து படிகள்: முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு ஆயத்தமான பாடம், கடைசியாக நுண்கணிதம். ஆண்டுக்கு ஒரு படி. எட்டாம் வகுப்பில் ஏறத் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் உச்சியைத் தொடும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது நான்கே ஆண்டுகள். ஐந்தாம் படிக்கு இடமில்லை. பொறியியல், அறிவியல் துறைகளை நாடும் மாணவருக்கு அந்த ஐந்தாம் படி பெரிய துணை. ஆகவே, பதினெட்டு வயதில் திறக்க வேண்டிய கதவு பதின்மூன்று வயதிலேயே பாதி சாத்தப்பட்டுவிடுகிறது.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மறு ஆண்டே கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பணம் ஒதுக்கிச் சட்டம் செய்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கவும் அச்சட்டம் உதவி தந்தது. விரைவு வகுப்புகள் பெருகின. அவற்றில் சேர ஆசிரியரின் சிபாரிசு வேண்டும். பல இடங்களில் பெற்றோரும் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே சென்றார்கள். ஏழைகளின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள்.

இங்கேதான் ராபர்ட் மோசஸ் என்பவர் வருகிறார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1935இல் பிறந்த கறுப்பினத்தவர், கணித ஆசிரியர். 1961இல் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று, பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியச் செய்யப் பாடுபட்டார்; அடியும் சிறையும் கண்டார். பதியப் போனவரிடம் அதிகாரி மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார். விளக்கம் சரியா, தவறா என்பது அந்த ஒருவருடைய விருப்பம்! 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அந்த அநியாயத்தை வீழ்த்தியது.

1982இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், எட்டாம் வகுப்புக்கு வந்த தம் மகளுக்குப் பள்ளியில் இயற்கணிதம் இல்லை என்று மோசஸ் அறிந்தார். தாமே வகுப்புக்குச் சென்று சொல்லிக் கொடுத்தார். வாக்குச்சீட்டைப் போலவே கணித அறிவும் குடிமகனின் உரிமை என்பது அவர் கொள்கை. அம்முயற்சி 'இயற்கணிதத் திட்டம்' என்று வளர்ந்தது. பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றிச் செல்வார்கள். புறப்பட்ட நிலையம் பூஜ்யம். ஒரு திசையில் போனால் கூட்டல் எண்கள், எதிர்த்திசையில் போனால் கழித்தல் எண்கள். ரயில் பயணமே பாடமாயிற்று. 2021இல் மறையும் வரை இப்பணியை அவர் விடவில்லை.

பின்னர் நடந்தவையும் பாடமே. கலிஃபோர்னியா மாநிலம் 1997இல் எட்டாம் வகுப்புக்கே இயற்கணிதத்தை இலக்காக வைத்தது. கற்றவர் தொகை பல மடங்கானது. ஆயினும் பின்னமும் விகிதமும் சரிவரப் படியாத பிள்ளைகள் தோற்று, அதே பாடத்தை மறுபடியும் படித்தார்கள். முதல் கோணல் முற்றும் கோணல் அல்லவா? இதைக் கண்ட சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை எல்லோருக்கும் நிறுத்தியது. அப்போது பணமுள்ளவர்கள் வெளியே காசு கொடுத்துப் படிக்க வைத்தார்கள், இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். 2024இல் அப்பாடத்தைத் திரும்பக் கொண்டுவரக் கல்வி வாரியம் முடிவெடுத்தது.

டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரம் வேறு வழி கண்டது. 2019 முதல், ஐந்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை, யாரும் கேட்காமலே ஆறாம் வகுப்பின் உயர்நிலைக் கணக்கில் சேர்க்கப்பட்டது. வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதித் தர வேண்டும். சிறுபான்மைப் பிள்ளைகளின் தொகை அங்கே கணிசமாக உயர்ந்தது. 2023இல் டெக்சாஸ் இதைச் சட்டமாக்கி, ஐந்தாம் வகுப்பில் முதல் நாற்பது விழுக்காட்டில் வருவோருக்கு இவ்வழியைத் திறந்தது.

இவ்வரலாறு சொல்வது என்ன? கதவு ஒருவருடைய மனப்போக்கில் திறக்குமானால், கேட்கத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கும். கதவைத் திறந்து விட்டால் மட்டும் போதாது. கீழ்ப்படிகளும் உறுதியாக இருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பாடத்திட்டம் வேறு. ஆனால் பருத்திக் காட்டுப் பிள்ளைக்கும் பால்மரக் காட்டுப் பிள்ளைக்கும் உள்ள தேவை ஒன்றே. பள்ளிக்குச் செல்லும்போது தயங்காமல் கேளுங்கள்: என் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? அடுத்த படி எது? அதில் ஏற என்ன வேண்டும்? கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கடமை.