79,449 டொலர் ஆவணமும் 13 டொலர் புத்தகமும்

கணினிக் குற்றம் எண்டால் எல்லாரும் ஹேக்கரைப் பற்றித்தான் கதைப்பினம். அவருக்காகக் கோர்ட்டில எழும்பி நிற்கிற சட்டத்தரணி ஒருத்தருக்கும் ஞாபகம் வாறதில்லை. எனக்கு இந்த விசயத்தில பிடிச்ச ஆள் ஷெல்டன் சென்னர். முதலில் அரச தரப்பில் வழக்குத் தொடுத்துவிட்டு, பிறகு எதிர்த்தரப்புக்கு வாதாட வந்தவர். இடம் சிக்காகோ, வருசம் 1990.

அவருடைய கட்சிக்காரர் கிரெய்க் நைடோர்ஃப், மிசூரிப் பல்கலைக்கழக மாணவன், வயது 20. எங்கட வயதுப் பெடியன்தான். 'ஃபிராக்' எண்ட மின்னிதழை 1985இல் இருந்து நண்பனோட சேர்ந்து நடத்தினவர். 1988இல் ரொபர்ட் ரிக்ஸ் எண்டவர் பெல்சவுத் தொலைபேசிக் கம்பனியின் கணினிக்குள் புகுந்து, 911 அவசர அழைப்புச் சேவை பற்றிய ஆவணம் ஒன்றை எடுத்தார். நைடோர்ஃப் அதைச் சுருக்கி 1989 பெப்ரவரி இதழில் போட்டார். அவர் எந்தக் கணினியையும் உடைக்கவில்லை, பிரசுரித்தார், அவ்வளவுதான். அதுக்கு பத்துக் குற்றச்சாட்டு, எல்லாம் சேர்த்து உச்சமாக 65 வருசம் சிறை!

இங்கதான் சட்டத்தின் நுட்பம் விளங்கவேணும். களவுப் பொருளை மாநிலம் கடத்துகிறதை மத்திய அரசு குற்றமாக எடுக்க, அதன் பெறுமதி குறைந்தது 5,000 டொலராக இருக்கவேணும். பெல்சவுத் சொன்ன பெறுமதி 79,449 டொலர். ஆக, முழு வழக்கும் ஒரு விலைச்சீட்டில தொங்கினது.

சென்னர் அந்த விலைச்சீட்டைத்தான் பிடிச்சார். கம்பனியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யேக்க, கணக்கை வரிவரியாகப் பிரிச்சார். ஆவணத்தைத் தட்டெழுதின கணினியின் முழு விலை 31,000 டொலர் அதுக்குள்ள இருந்தது. பிரின்டருக்கு 6,000. அதாவது, ஒரு கடிதம் களவு போனால் மேசையின்ர விலையையும் கள்ளனின் தலையில கட்டுற மாதிரி! பிறகு ஒரு விலைப்பட்டியலை எடுத்து நீட்டினார். இதே 911 முறைமை பற்றிய இதைவிட விரிவான தொழில்நுட்பப் புத்தகத்தை பெல்கோர் நிறுவனம் 13 டொலருக்கு, போன் பண்ணுகிற எவருக்கும் விற்றுக்கொண்டிருந்தது. அதைத் தேடிப்பிடிச்சுக் குடுத்தது ஜோன் நேகிள் எண்ட நிரலாளர். டொரத்தி டெனிங் எண்ட கணினிப் பாதுகாப்பு அறிஞரும் சென்னருக்குப் பக்கத்தில நின்றார். தனக்குத் தெரியாத துறையில தெரிஞ்சவரைத் தேடிப் போனதுதான் சென்னரின்ர பெரிய கெட்டித்தனம் எண்டு நான் நினைக்கிறன்.

ஜூலை 23இல் தொடங்கின விசாரணை அந்தக் கிழமையே முடிஞ்சுது. 27ஆம் திகதி அரச தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஆனால் செலவு 100,000 டொலரைத் தாண்டி நைடோர்ஃபின் தலையிலதான் விழுந்தது. உண்மையிலேயே கணினிக்குள் புகுந்த ரிக்ஸுக்கு வேற வழக்கில 21 மாதச் சிறை.

இன்னொண்டு. வழக்கு ஜூரியிடம் போகாததால, களவுபோன தகவலைப் பிரசுரிக்கிறவர் குற்றவாளியா எண்டதுக்கு அந்த கோர்ட்டில தீர்ப்பு வரவேயில்லை. ஆனால் விசாரணைக்கு முன்னமே, கணினியில இருக்கிற வெறும் எழுத்தும் சட்டப்படி 'பண்டம்' ஆகலாம் எண்டு நீதிபதி நிக்கொலஸ் புவா ஒரு கட்டளை குடுத்திருந்தார். அந்த வாதத்தில சென்னர் தோற்றவர். பெடியன் வீட்டுக்குப் போனான், கட்டளை சட்டப் புத்தகத்தில இருக்குது.